மழைக் காற்றுக்கு ஏற்ற ஜன்னல்

சொந்த ஊரில் மேற்கு நோக்கிய ஜன்னலை நாம் வெயிலுக்காக அஞ்சினோம். மும்பையில் குடியேறிய பின்னர் அதே ஜன்னலை மழைக்காக அஞ்சுகிறோம். சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்கிலிருந்து பெருமழை வரும். இங்கோ ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குக் காற்று அரபிக் கடலிலிருந்து மழையைக் கொணர்கிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய நாள் அரிது. ஆயினும் ஆண்டுதோறும் ஜன்னலோரச் சுவர் ஊறிப் பூஞ்சை படர்வதும், அவ்வறையில் உறங்கும் குழந்தைக்கு இருமல் நீடிப்பதும் நம்மவர் இல்லங்கள் பல அறிந்தவையே. ஆகையால் பழைய ஜன்னலை மாற்ற எண்ணுவோர் கவனிக்க வேண்டியவற்றை இங்கே ஆராய்வோம்.

மழைநீரை உள்ளே செலுத்துவது காற்றின் அழுத்தமே. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதும் காற்று, சுமார் 24 மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கி நிறுத்த வல்லது. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். எனவே ஒரு துளியும் புகாத ஜன்னலைத் தேடி அலைவதைவிட, புகுந்த நீர் வெளியேற வழியுள்ள ஜன்னலைத் தேர்வதே அறிவுடைமை.

நகர்த்தித் திறக்கும் ஜன்னலில், கதவுகள் ஓடும் தடத்தில் நீர் சேரும். அது வடிவதற்கு வெளிப்புறத்தில் சிறு துளைகள் உண்டு. பலத்த காற்றில் அத்துளைகள் வழியே நீர் வெளியேற இயலாமல் தடத்தில் உயரும். தடத்தின் உள்விளிம்பு தாழ்ந்திருப்பின் நீர் அறைக்குள் வழியும். உயர்ந்திருப்பின், காற்று தணிந்ததும் வெளியே வடிந்துவிடும். கீல் வைத்து வெளிப்புறம் திறக்கும் ஜன்னலையோ, மூடியபின் காற்றே சட்டத்தோடு இறுக அழுத்துகிறது. ஆதலால் மழையைத் தடுப்பதில் இதுவே மேலானது. ஆனால் வெளியே இரும்புக் கம்பி அடைப்பு உள்ள வீடுகளில் இதனைத் திறக்க இடமிராது.

அடுத்து, பொருள். இரும்புச் சட்டம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். துரு பருத்துச் சுவரையும் பிளக்கும். தேக்கு நெடுநாள் உழைக்கும்; ஆனால் மழைக்காலத்தில் உப்பும், வண்ணப்பூச்சும் தவறாது வேண்டும். அலுமினியமாயின் மேற்பூச்சு உடையதையே வாங்குதல் நலம். திருகாணிகள் துருப்பிடியாத எஃகினால் ஆனவையாக இருத்தல் வேண்டும். யூ.பி.வி.சி. சட்டங்களின் மூலைகள் உருக்கி ஒட்டப்படுவதால் அங்கே நீர் கசிவதில்லை. அகன்ற ஜன்னலாயின் உள்ளே எஃகுத் தண்டு உள்ளதா எனக் கேட்டறிய வேண்டும்.

விலையுயர்ந்த ஜன்னலும் பொருத்துவதில் பிழை நேர்ந்தால் ஒழுகும். சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தை வெறும் சிமெண்டுச் சாந்தினால் அடைத்தல் போதாது. நாளடைவில் அது விரிசல் விடும். வெளிப்புறத்தில் சிலிக்கான் பசை பூசுதல் வேண்டும். ஜன்னலின் அடித்திண்டு வெளிநோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். மேலே உள்ள சஜ்ஜாவின் அடியில், விளிம்பை ஒட்டி ஒரு காடி வெட்டினால், நீர் சுவர்ப்பக்கம் ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். பூச்சு வேலையின்போது வடிதுளைகள் சாந்தினால் மூடப்படுவதும் உண்டு. இதனை அருகிருந்து பார்த்துக்கொள்வது நம் கடமை.

எல்லா ஜன்னல்களையும் ஒருங்கே மாற்றப் பணவசதி இல்லையெனில், மேற்கும் தெற்கும் நோக்கியவற்றை முதலில் மாற்றலாம். கட்டிடத்தின் வெளித்தோற்றம் மாறுமாதலால், வீட்டுவசதிச் சங்கத்தின் இசைவை முன்னரே பெறுதல் வேண்டும். ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை தொடங்குவது இங்கு வழக்கம். ஆகவே சித்திரை முடிவதற்குள் வேலை முடிதல் நன்று.

இறுதியாக ஒரு சோதனை. கூலியின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், தடத்தில் ஒரு செம்பு நீரை ஊற்றுங்கள். நீர் வெளியே வடிகிறதா, சுவரோரம் ஊறுகிறதா எனச் சிறிது நேரம் நின்று பாருங்கள். அப்போதே காணும் குறையைத் திருத்துவது எளிது. ஆடி மாதத்து நள்ளிரவில் துணியும் வாளியுமாக ஜன்னலடியில் அமர்ந்திருக்கும் துன்பம் அதனால் நீங்கும்.