ஜமாபந்திக்குப் போனீர்களா?

வட்டாட்சியர் அலுவலக வாசலில் சாமியானா போட்டிருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரைச் சுற்றிப் பத்துப் பேர். உள்ளே நீள மேசையில் கிராமக் கணக்குகள் ஊர்வாரியாக அடுக்கப்பட்டிருக்க, பக்கத்திலேயே அந்தந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர் நிற்கிறார். ஓர் ஓரத்தில் நில அளவைச் சங்கிலியும் குறுக்குக்கட்டையும். அளவு சரியாக இருக்கிறதா என்று அவற்றையும் இன்றைக்குச் சோதித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டின் வட்டத் தலைநகரங்களில் காணக்கூடிய காட்சி இது. அரசு ஏட்டில் இதற்கு வருவாய்த் தீர்வாயம் என்று பெயர். ஊர் வாயில் ஜமாபந்தி.

ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவரும் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்ட வேண்டும். சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ அதை வேரூன்றச் செய்தார். யார் எவ்வளவு பயிர் செய்தார், எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஆண்டுதோறும் கணக்கு முடிக்க அதிகாரிகள் போட்ட முகாம்தான் ஜமாபந்தி. அன்று கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. அப்பனுக்குப் பின் மகன் என்று வந்த பதவி. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அதை ஒழித்தது. அப்புறம் வந்தவர்கள்தான் இன்றைய வி.ஏ.ஓ.க்கள்.

இன்று நிலவரி அரசுக்குப் பெரிய வருமானம் அல்ல. ஆனால் அந்தக் கணக்கில் இருக்கும் ஒரு வரி குடியானவருக்கு உயிர். ஒரு சிட்டாவை எடுத்துப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, பரப்பு. பரப்பு என்ற இடத்தில் 0 - 36.50 என்று இருந்தால் 36.50 ஏர்ஸ், அதாவது ஏறக்குறைய 90 சென்ட். இந்த ஒரு வரி சரியாக இருந்தால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன். பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் ஏறியிருந்தால்தான் பயிர்க் காப்பீடு. பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்குத் தரும் 6,000 ரூபாய்க்கும் நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

ஆனால் பலருக்கு அந்த வரியிலேயே பிழை. அது எங்கிருந்து வந்தது? பழைய பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்தது யு.டி.ஆர். எனப்படும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். மாபெரும் வேலை; அதில் நேர்ந்த தவறுகளும் அதே அளவில் பெரியவை. அண்ணன் பெயரில் தம்பி பங்கு, விற்றவர் பெயரே தொடர்வது, ஓர் எழுத்து மாறியதால் ஆளே மாறிப்போவது. பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு. அந்தக் காலத்தில் கவனிக்காமல் விட்டவை பேரப்பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது வெடிக்கின்றன.

இணையத்தில் பட்டா எடுப்பது எளிதாகிவிட்டது, நல்ல மாற்றம்தான். உட்பிரிவு தேவைப்படாத நிலங்களில் பத்திரப் பதிவோடு பட்டாவும் மாறும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனால் கணினி காட்டுவது அதற்குள் ஏற்றி வைத்ததைத்தான். வரப்பு எங்கே இருக்கிறது, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, இந்தப் போகம் வயலில் நெல்லா உளுந்தா என்பதை ஒருவர் நடந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட கிராமங்களைச் சேர்த்துப் பார்க்கும் வி.ஏ.ஓ.வும், மனுக்கள் மலைபோல் குவிந்திருக்கும் சர்வேயரும் எத்தனை வயலில் கால் வைக்க முடியும்? காலிப் பணியிடங்களை நிரப்பாமல் செயலிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயன் இல்லை.

ஜமாபந்தியின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. கணக்கு, அதை எழுதியவர், அவருக்கு மேலதிகாரி, நிலத்துக்காரர் என எல்லாம் ஒரே மேசைக்கு வருவது ஆண்டில் அந்த ஒருமுறைதான். பல ஊர்களில் இப்போது அது மனு வாங்கும் நாளாகச் சுருங்கிவிட்டது. முதியோர் ஓய்வூதியம், இலவச மனைப் பட்டா, சாதிச் சான்று என எல்லா மனுவும் வருகிறது. வரட்டும், ஏழைக்கு வேறு வாசல் ஏது? ஆனால் ஊர்க் கணக்கை ஊரார் முன் படிக்கும் வழக்கம் தேய்ந்துவிடக் கூடாது. கடைசி நாள் குடிகள் மாநாட்டில் நலத்திட்ட உதவி வழங்குவதோடு, அந்த ஆண்டு எத்தனை பிழை திருத்தப்பட்டது, எத்தனை பாக்கி என்று கிராமவாரியாக வாசித்துக் காட்டினால் என்ன? செலவில்லாத காரியம் இது.

அடுத்த முறை உங்கள் ஊர் அடங்கிய பிர்க்காவுக்கு நாள் குறித்ததும் சிட்டாவை அச்செடுத்துக்கொண்டு போங்கள். பத்திரத்தையும், யாராவது காலமாகியிருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் புல எண்ணை அ பதிவேட்டிலும் அடங்கலிலும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மனுவைக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். வருவாய்க் கணக்கின் ஆண்டான பசலி ஜூன் 30 அன்று முடிகிறது.