ஒற்றை பேட்டரியில் பாட்டு கேட்கலாமா?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளை ஒட்டியே எலெக்ட்ரீஷியன் கடைகளும் இருக்கும். அப்படியொரு கடையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பத்துச் சக்கர லாரி ஒன்று வந்து நின்றது. கம்பெனி ரேடியோவைக் கழற்றிவிட்டு, புளூடூத்தும் பென் டிரைவும் உள்ள புதுச் செட் மாட்ட வேண்டும். செட்டைக் கையோடு வாங்கி வந்திருந்தார் டிரைவர்.

"ஏனுங்ணா, அரை மணி நேரத்துல முடிஞ்சிருமுங்களா?"

"செட்டு கெடக்கட்டுமுங்க. மொதல்ல பேட்டரிப் பெட்டியத் தெறங்க."

டேஷ்போர்டில் செய்ய வேண்டிய வேலைக்கு பேட்டரியை ஏன் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மல்டி மீட்டரை வைத்தபோது புரிந்தது. ஒரு பேட்டரி 12.8 வோல்ட் காட்டியது. பக்கத்தில் இருந்தது 11.9.

லாரியில் ஓடுவது 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் செட்டுகளில் பெரும்பாலானவை காருக்கென்று செய்தவை. அவற்றுக்கு 12 வோல்ட்தான் வேண்டும். 24 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அன்றைக்கே கருகிவிடும். அதனால் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுகிறார்கள். பாட்டு நன்றாகவே பாடும். கெடுதல் மெல்ல வரும். டைனமோ இரண்டு பேட்டரிகளையும் ஒன்றாகச் சேர்த்து 28 வோல்ட் அளவில் சார்ஜ் செய்கிறது. செட்டுக்குக் கொடுக்கும் பேட்டரி நாள்தோறும் கூடுதலாக இறங்கி, முழுதாக நிறையாமலே கிடக்கும். மற்றது நிறைந்த பிறகும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் வற்றிக் கெடும். ஒன்று பசியாலும் ஒன்று அஜீரணத்தாலும் சாவது போல. இந்த லாரியில் ஃபேனுக்கும் செல்போன் சார்ஜருக்கும் யாரோ அப்படித்தான் ஒயர் இழுத்திருந்தார்கள்.

இதற்கு மருந்து கன்வெர்ட்டர். இரண்டு பேட்டரிகளிலிருந்தும் சமமாக 24 வோல்ட் வாங்கி, செட்டுக்கு 13.8 வோல்ட் அளவில் கொடுக்கும். செட்டின் முதுகில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும்; கன்வெர்ட்டர் அதற்குக் குறையக் கூடாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஃபியூஸ் போட்டார் எலெக்ட்ரீஷியன். சேஸிஸ் நெடுக வரும் ஒயர் எங்காவது உரசித் தோல் கிழிந்தால், செட்டின் முதுகில் உள்ள ஃபியூஸ் தீயைத் தடுக்காது. "ஓனருங்க கன்வெர்ட்டருக்குக் காசு தரமாட்டாங்க, பேட்டரிக்குத் தருவாங்க" என்றார். ராத்திரி முழுக்கத் தனியாக ஓட்டுகிறவருக்குப் பாட்டுதான் பேச்சுத்துணை. இப்போது பல லாரிகளில் கிளீனரே இல்லை. அந்தத் துணைக்கு ஆகும் செலவை ஆடம்பரக் கணக்கில் எழுதுவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

டேஷ்போர்டு வேலை சுலபமாகவே போனது. பழைய செட் இருந்த பொந்து 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். புதியதும் அதே அளவு. இதைத்தான் சிங்கிள் டின் என்கிறோம். டின் என்பது தகர டப்பா இல்லை, இந்த அளவை வகுத்த ஜெர்மன் தரநிர்ணய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். உயரம் இரட்டித்தால் டபுள் டின்.

கம்பெனி கப்ளரை வெட்டாமல் அதற்குப் பொருந்தும் கப்ளரை வைத்தே இணைத்தார். நாளைக்குப் பழைய செட்டை மாட்ட வேண்டி வந்தாலும் தொல்லையில்லை. ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர்களை பாடியில் எர்த் செய்யவில்லை. செய்தால் இந்தக் காலத்துச் செட்டின் ஐசி போய்விடும். சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும். மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரண்ட் வேண்டும். ஸ்டேஷன்களையும் பாட்டு நின்ற இடத்தையும் செட் நினைவில் வைத்திருப்பது அதனால்தான். அவசரக்காரர்கள் இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கிவிடுவார்கள். சாவியில் கொடுத்தால் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். நேராகக் கொடுத்தால் அணைக்க மறந்த இரவில் பேட்டரி இறங்கிவிடும்.

அரை மணி நேரம் என்று கேட்டவர் இரண்டரை மணி நேரம் பொறுமையாக நின்றார். கடைசியில் அவரே பென் டிரைவைச் சொருகினார். சரணம் பாதியில் இருக்கும்போது எலெக்ட்ரீஷியன் சாவியை அணைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டார். விட்ட இடத்திலிருந்தே பாட்டு தொடர்ந்தது.