கல்யாணச் செருப்பும் கைவேலையும்

கல்யாண வீட்டில் கடைசியாக நினைவுக்கு வரும் பொருள் எது என்று கேட்டால், அனுபவப்பட்டவர்கள் தயங்காமல் சொல்வார்கள்: செருப்பு! புடவைக்குக் கோயம்புத்தூருக்கு நாலு நடை, நகைக்குப் பாலக்காட்டுக்கு இரண்டு நடை என்று பஸ் ஏறி இறங்கியாகிவிடும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் மணப்பெண் தன் காலைப் பார்ப்பாள்.

தாலி கட்டும் மேடையில் செருப்புக்கு இடமில்லை. அம்மி மிதிப்பதும் மெட்டி அணிவதும் வெறுங்காலில்தான். ஆனால் வரவேற்பு என்று ஒன்று வந்த பிறகு, புடவைக்கு ஏற்ற செருப்பும் வேண்டியிருக்கிறது. கல் பதித்த செருப்புக்குக் கடைக்காரர் சொல்லும் விலை, வாளையார், கஞ்சிக்கோடு பகுதி ஆலைகளில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களுக்கு மலைப்பைத் தரும். ஒரு மாலைப் பொழுதுக்காக அவ்வளவு செலவா என்று யோசிப்பவர்களுக்கு வழி இருக்கிறது. சாதாரணச் செருப்பை வாங்கி, நாமே அலங்கரித்துக்கொள்ளலாம்.

எப்படிச் செய்வது?

ரவிக்கை தைத்ததில் மிஞ்சிய ஜரிகைத் துணி, பாசிமணி, சமிக்கி, நைலான் நூல், ரப்பர் பசை, வேண்டியவை இவ்வளவே. செருப்புப் பட்டையை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, பட்டையிலும் துணியிலும் மெல்லிசாகப் பசை தடவ வேண்டும். உடனே ஒட்டிவிடக் கூடாது. தொட்டால் விரலில் பிசுபிசுக்கும் பக்குவம் வந்ததும் அழுத்தி ஒட்டி, ஓர் இரவு காயவிட வேண்டும்.

மணிகளைப் பசையால் ஒட்டுவதைவிட நூலால் தைப்பதே நல்லது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பட்டை வளைந்து நிமிர்கிறது. காய்ந்து கட்டியான பசை அப்போது விரிசல் விட்டு மணியை உதிர்த்துவிடும். நூல் பட்டையோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். காலும் காலும் உரசும் உட்புறத்தில் மணி வைக்கக் கூடாது. புடவைக் கரை மாட்டி ஜரிகை இழுபடும். முடிச்சுகள் பாதத்தில் உறுத்தாமலிருக்க, பட்டையின் அடியில் மெத்தென்ற துணி ஒன்றை ஒட்டிவிட வேண்டும்.

இன்னொன்று. வைகாசிக் கடைசியில் முகூர்த்தம் என்றால் கேரளத்தில் மழை தொடங்கும் காலம். அட்டை வைத்த அடிப்பாகம் நனைந்தால் ஊறிப் பிளந்துவிடும். ரப்பர் அடிப்பாகம் உள்ளதையே வாங்குங்கள். வேலை முடிந்ததும் நாலு நாள் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகிவிட்டால், கல்யாணத்தன்று கால் கடிக்காது.

பட்டையில் ஊசி இறங்காவிட்டால், பஸ் நிலையத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளியிடம் கொடுத்துத் துளை போட்டு வாங்கலாம். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அதற்குக் காரணம் உண்டு.

ஊசி வந்த வழி

இன்று கல்யாண ரவிக்கை என்றாலே ‘ஆரி’ வேலைதான். ஒரு ரவிக்கைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். அந்த ஆரி ஊசி யாருடையது தெரியுமா? தோல் தைப்பவர்களுடையது. குஜராத்தின் கட்ச் பகுதியில் ‘மோச்சி’ எனப்படும் தோல் தொழிலாளிகள், செருப்பு தைக்கும் கொக்கி ஊசியைக் கொண்டே பட்டுத் துணியில் பூ வேலை செய்தார்கள். ‘ஆரி’ என்ற சொல்லுக்கே அங்கே தோல் தைக்கும் ஊசி என்றுதான் பொருள். மணப்பெண் தோளில் மின்னும் வேலைப்பாடு, செருப்பு தைத்த கையிலிருந்து பிறந்தது. நம் எல்லைப் பகுதியிலும் கொல்லங்கோடு, முதலமடை பக்கம் அருந்ததியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. ஊருக்கெல்லாம் செருப்பு தைத்துக் கொடுத்த சமூகம் அது.

குடையும் செருப்பும்

பாலக்காட்டுக் கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களின் கல்யாணங்களில் காசி யாத்திரை என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளை கையில் குடையும் கோலும், காலில் புதுச் செருப்புமாகக் காசிக்குப் புறப்படுவார். பெண் வீட்டார் வழிமறித்து, பெண்ணைத் தருகிறோம் என்று அழைத்து வருவார்கள். குடையும் செருப்பும் அங்கே மாப்பிள்ளைக்குரிய மரியாதை.

அதே குடையும் செருப்பும் இன்னொரு பட்டியலிலும் சேர்ந்தே வருகின்றன. 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் ராமநாதபுரம் வட்டாரத்தில், ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. திருவிதாங்கூரிலும் நாடார் மக்களுக்குக் குடையும் செருப்பும் மறுக்கப்பட்ட காலம் இருந்தது. ஒருவருக்கு மாப்பிள்ளை மரியாதை, மற்றொருவருக்குக் குற்றம்!

இது பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள ராஜாவூரில், 2023 டிசம்பரில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சுமார் 60 பேர் செருப்புக் காலோடு ஒரு தெருவில் நடந்து சென்றார்கள். அது செய்தியாயிற்று. காரணம், அதுவரை அந்தத் தெருவில் அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் திருத்தம் செய்யப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் செருப்பு அணிவதையும், புத்தாடை உடுத்துவதையும், கல்யாண ஊர்வலம் போவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. செருப்பும் கல்யாணமும் ஒரே பிரிவில் வருகின்றன. எழுத வேண்டிய அவசியம் இருந்ததால்தானே எழுதினார்கள்?

எல்லை தாண்டி வந்த நமக்கு இது நன்றாகப் புரிய வேண்டும். வாளையாரைக் கடந்து வேலைக்கு வந்தவர்களில், கூலிக்காக மட்டுமின்றி, ஊர்த் தெருவில் கிடைக்காத மரியாதைக்காகவும் பஸ் ஏறியவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் கல்யாணம் நடக்கும்போது, மாப்பிள்ளை காலில் செருப்பு இருப்பது சின்ன விஷயமல்ல.

ஆகவே, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மணியும் நூலுமாக உட்காரும் பெண்ணைப் பார்த்து, “செருப்புக்குப் போய் இத்தனை அலங்காரமா?” என்று யாரும் கேட்க வேண்டாம். புகைப்படத்தில் அது தெரியப்போவதில்லை. புடவைக் கொசுவம் மறைத்துவிடும். ஆனாலும் கல்யாணம் முடிந்ததும் பரணில் போட்டுவிடாமல், போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடந்து போங்கள்.

துளை போட்டுக் கொடுத்தாரே, பஸ் நிலையத்துத் தொழிலாளி, அவருக்கும் ஓர் அழைப்பிதழ் வையுங்கள். பந்தியில் உங்கள் உறவினர்களோடு சேர்த்து உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.