பயோடேட்டாவில் ‘ஹாபி’ போடலாமா? வேலையும் வாங்கித் தரும்; காலையும் வாரும்!

சென்னை,–
பெயர், தகப்பனார் பெயர், படிப்பு, முன் அனுபவம்... கடைசியில் ‘ஹாபி’!

ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா அடிக்கும் பையன் இந்த இடம் வந்ததும் நிமிர்ந்து பார்ப்பான். “என்ன சார் போடட்டும்?” வேலை தேடி வந்தவர் தலையைச் சொறிவார். “எல்லாரும் போடுறதையே போடுப்பா!” உடனே விழும்: புத்தகம் படித்தல், பாட்டு கேட்டல், கிரிக்கெட் பார்த்தல்.

சும்மா இடத்தை நிரப்பும் சமாச்சாரம்தானே என்று நினைத்தால் தப்பு.

குறுக்கு விசாரணை

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பதவிகளுக்கான தேர்வில் நேர்முகத்துக்கு மட்டும் 275 மார்க். பொழுதுபோக்கு என்ன என்று விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்கி விடுகிறார்கள். அதை வைத்தே கேள்வி வரும். தோட்டம் போடுவேன் என்று எழுதியவருக்கு மண்ணும் உரமும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே திருதிருவென்று முழித்தால், மற்ற வரிகளும் புளுகோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வுக்கு இந்தத் தொல்லை இல்லை. நேர்முகமே கிடையாது. ரெயில்வே விளையாட்டு கோட்டாவிலோ கதை தலைகீழ். அங்கே கபடி பொழுதுபோக்கு அல்ல, தகுதி! சர்டிபிகேட்டோடு போக வேண்டும்.

16க்கு 1!

அமெரிக்காவில் 316 வக்கீல் அலுவலகங்களுக்குக் கற்பனை ஆட்களின் பயோடேட்டாக்களை அனுப்பிப் பார்த்தார்கள், இரண்டு ஆராய்ச்சியாளர்கள். முடிவு 2016-ல் வெளியானது. படிப்பும் மார்க்கும் ஒன்றே. குடும்பப் பெயர், விருது, பொழுதுபோக்கு ஆகியவை மட்டும் வேறு. பாய்மரப் படகு, குதிரைப் போலோ என்று எழுதிய பணக்கார வீட்டு ‘ஆண்’களில் 100-க்கு 16 பேருக்கு நேர்முக அழைப்பு. ஓட்டப்பந்தயம், நாட்டுப்புறப் பாட்டு என்று எழுதிய ஏழை வீட்டு ஆண்களில்? 100-க்கு ஒருவர்!

பணக்காரப் பெண்களுக்கும் போலோ கைகொடுக்கவில்லை. 100-க்கு 4 பேர்தான். ஏழைப் பெண்கள் 6 பேர்.

ஆக, ஆளின் வீட்டு வாசலையே காட்டிக் கொடுத்துவிடுகிறது இந்த ஒரு வரி. கொஞ்சம் அநியாயம்தான்.

அனுபவம் உள்ளவருக்கு இந்த வரி தேவையில்லை. புதிதாக வேலை தேடுபவருக்கு, பார்க்கப்போகும் வேலையோடு ஒட்டினால் லாபம். கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறவர் ஊர்த் திருவிழாவுக்கு மூன்று வருஷம் வரவு-செலவு எழுதியிருந்தால் தாராளமாகப் போடலாம், ‘பாட்டு கேட்டல்’ வரியை அடித்துவிட்டு!