கடையை விட்டு மண்ணுக்குப் போன மனிதர்

வியாபாரத்தை விட்டு விவசாயத்துக்குப் போகிறவரை நமது கடைவீதியில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ‘கடை சரிவரவில்லை போலும்’ என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். ஆனால், நல்ல வருமானம் தந்த வியாபாரத்தை விட்டுவிட்டு, புல்கூட முளைக்காத தரையைக் கொத்தப் போன ஒருவரைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன். அவர் பெயர் யாக்கூபா சவாடோகோ. மேற்கு ஆபிரிக்காவிலுள்ள புர்கினா பாசோ நாட்டைச் சேர்ந்த முஸ்லிம் விவசாயி. 2023 டிசம்பர் 3ஆம் திகதி, தமது 77ஆவது வயதில் காலமானார்.

மண்வெட்டியும் பசளையும் விற்றுப் பிழைக்கும் கடைக்காரன் நான். ஆகவே மர்ஹூம் யாக்கூபாவின் வாழ்க்கை பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடி வாசித்தேன். அவரைப் பற்றி 2010இல் வெளியான, ‘பாலைவனத்தைத் தடுத்து நிறுத்திய மனிதர்’ என்ற பொருள்படும் பெயருடைய ஆவணப்படத்தையும் பார்த்தேன். இவருடைய கதை விவசாயிகளைவிட வியாபாரிகளாகிய நமக்கே அதிகம் பயன்படும் என்று எனக்குப் பட்டது.

நாட்டின் வடபகுதியிலுள்ள கூர்கா என்ற கிராமத்தில் 1946இல் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே அயல்நாடான மாலியிலுள்ள குர்ஆன் மத்ரஸா ஒன்றில் ஓதுவதற்காகப் பெற்றோர் அனுப்பிவைத்தனர். பாடசாலைப் படிப்பு கிடைக்கவில்லை. ஊர் திரும்பி, அருகிலுள்ள வாஹிகூயா நகரச் சந்தையில் வியாபாரம் தொடங்கினார். கையில் காசு புரண்டது.

அக்காலத்தில்தான் சஹாராப் பாலைவனத்தின் தெற்கு ஓரமான சஹேல் பிரதேசத்தைக் கடும் வரட்சி பிடித்தது. 1968இல் தொடங்கி 1973 வரை நீடித்த அந்த வரட்சி, 1980களின் ஆரம்பத்தில் மறுபடியும் வந்தது. கால்நடைகள் செத்தன. மேல்மண் காற்றோடு போய், தரை சீமெந்து போட்டதுபோல் இறுகியது. எப்போதாவது பெய்த மழையும் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடியது. குடும்பம் குடும்பமாக மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள்.

கையில் பணமுள்ளவன் அந்த நேரத்தில் என்ன செய்வான்? நம்மைப் போன்றவர்கள் பெரிய நகரத்துக்குக் கடையை மாற்றியிருப்போம். யாக்கூபாவோ 1980ஆம் ஆண்டளவில் வியாபாரத்தைக் கைவிட்டு, குடும்பத்துடன் கிராமத்து நிலத்துக்குத் திரும்பினார்.

பழைய முறை, புதிய யோசனை

அவர் புதிதாக எதையும் விலைக்கு வாங்கவில்லை. ‘ஸாய்’ என்பது அப்பகுதி மக்கள் முன்னரே அறிந்திருந்த ஒரு முறை. இறுகிய தரையில் சிறு சிறு குழிகள் வெட்டி விதைப்பார்கள். யாக்கூபா அந்தக் குழியை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினார். அதற்குள் மாட்டெருவும் இலைகுழையும் இட்டார். எருவைத் தேடிக் கறையான் வந்தது. கறையான் துளைத்த வழியாக மழைநீர் மண்ணுக்குள் இறங்கித் தங்கியது. வயலுக்குக் குறுக்கே கற்களை வரிசையாக அடுக்கி, ஓடும் தண்ணீரின் வேகத்தையும் குறைத்தார்.

சொல்வதற்கு இலகு. ஒரு ஹெக்டயருக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான குழிகள் வேண்டும். அத்தனையும் கொதிக்கும் கோடையில், கைமண்வெட்டியால் வெட்ட வேண்டும். மழை விழுந்த பின்னரே நிலத்தில் கை வைப்பது ஊர் வழக்கம். கோடையில் குழி வெட்டியவரைப் பார்த்து ஊரார் பைத்தியம் என்றார்கள். பெரியவர்களோ வழக்கத்தை மீறுகிறான் என்று கோபித்தார்கள்.

மழை வந்தது. அவருடைய நிலத்தில் இறுங்கும் கம்பும் விளைந்தன. ஒன்றுமே விளையாத தரையில் இம்முறையால், மழை குறைந்த வருடத்திலும் ஹெக்டயருக்கு 300 முதல் 400 கிலோ வரை தானியம் கிடைத்ததாகவும், நல்ல மழை வருடத்தில் 1500 கிலோ வரை எட்டியதாகவும் ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். அந்த மனிதரின் பெரிய வீட்டில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பலர் இருந்தார்கள். அவர்கள் ஊரை விட்டுப் போகாமல் சாப்பிட அந்தத் தானியமே வழிசெய்தது.

எருவோடு கலந்து வந்த மரவிதைகளும் குழிகளில் முளைத்தன. அவர் அவற்றைப் பிடுங்கி எறியவில்லை. பயிரோடு மரமும் வளரட்டும் என்று விட்டார். பின்னர் தாமே விதை தேடி நட்டார். ஏறத்தாழ 40 ஹெக்டயர், அதாவது சுமார் 100 ஏக்கர் தரிசு நிலம் அறுபதுக்கும் மேற்பட்ட வகை மரஞ்செடிகள் கொண்ட காடானது என்று, 2018இல் அவருக்கு ‘மாற்று நோபல்’ எனப்படும் விருதை வழங்கிய அமைப்பு குறிப்பிடுகிறது. 2020இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பும் அவரைக் கௌரவித்தது.

இரகசியத்தைச் சந்தையில் வைத்தவர்

இனித்தான் நமக்குரிய விடயம் வருகிறது. நமது கடைவீதியில் ஒருவரிடம், ‘காக்கா, இந்தச் சரக்கைப் புறக்கோட்டையில் எந்தக் கடையில் எடுக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பு வரும், பதில் வராது. தொழிலின் சூட்சுமத்தை வெளியே சொன்னால் தொழில் போய்விடும் என்பது நமது நம்பிக்கை.

யாக்கூபாவிடம் இருந்ததோ பசியைத் தீர்க்கும் சூட்சுமம். பஞ்ச காலத்தில் அதற்கு என்ன விலையும் கேட்டிருக்கலாம். அவர் 1984இலிருந்து வருடத்துக்கு இரு தடவை தம்முடைய நிலத்திலேயே சந்தை கூட்டினார். வியாபாரியாக இருந்தவருக்குச் சந்தை நடத்தச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்! நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து விவசாயிகள் விதை கொண்டுவந்து மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்தது. வந்தவர்களுக்கு ஸாய் குழியை வெட்டிக் காட்டினார். கூலி கேட்கவில்லை.

1989இல் அயல்நாடான நைஜரின் இல்லேலாப் பகுதியிலிருந்து விவசாயிகள் குழுவொன்று அவருடைய பிரதேசத்துக்கு வந்து, இம்முறையைப் பார்த்துக்கொண்டு திரும்பியது. சில வருடங்களில், அங்கே யாரும் சீண்டாமல் கிடந்த தரிசு நிலம் விலைக்கு வாங்கி விற்கும் பொருளாகிவிட்டது.

அவர் தமக்கென்று வைத்துக்கொண்டவற்றின் கதை வேறு. காடு வளர்ந்த பிறகு யாரோ அதற்குத் தீ வைத்தார்கள். எரிந்த இடத்தில் மறுபடி நட்டார். பின்னர் வாஹிகூயா நகரம் விரிவடைந்தபோது, அவருடைய நிலம் வீட்டுக் காணிகளாகப் பிரிக்கும் திட்டத்துக்குள் அகப்பட்டது. குடும்பத்தினருக்குச் சிறு துண்டுகள் மட்டுமே என்றானது. முழுவதையும் மீட்க வேண்டுமானால் அவர் பணம் கொடுத்து வாங்க வேண்டும். அவர் நட்ட மரங்களால்தான் அந்த நிலத்தின் விலையே ஏறியிருந்தது. உலகம் பாராட்டிய மனிதர் தமது கடைசிக் காலத்தில் சொந்தக் காட்டைக் காப்பாற்ற அலைய வேண்டியிருந்தது. பரம்பரை நிலம், ஊர் அறியும் என்று உறுதி இல்லாத காணியில் கடை கட்டியிருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

மரத்தை எரிக்கலாம், நிலத்தை அளந்து எடுக்கலாம். நூறு கிராமத்து விவசாயிகள் கையில் போய்ச் சேர்ந்த ஸாய் முறையை யாராலும் பறிக்க முடியவில்லை. அவர் கொடுத்ததுதான் பத்திரமாக நின்றது.

எல்லாக் கணக்கையும் திறந்து வையுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வியாபாரத்தில் மறைவாக இருக்க வேண்டியவை உண்டு. ஆனால், நம்மிடம் பத்து வருடம் வேலை செய்த பொடியனுக்குச் சரக்குப் பார்த்து வாங்கவும், கடன்காரனை அறிந்து கொடுக்கவும், வருட முடிவில் கணக்குப் பார்க்கவும் நாம் கற்றுக் கொடுத்திருக்கிறோமா? நம்முடைய சொந்தப் பிள்ளைக்காவது கற்றுக் கொடுத்திருக்கிறோமா? முதலாளி மௌத்தான மறுவருடமே மூடப்பட்ட கடைகள் நமது ஊர்களில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பல இடங்களில் சரக்கு இருந்தது, பணமும் இருந்தது. தொழில் மட்டும் அவருடனேயே அடங்கிவிட்டது. இந்த வாரமே உங்கள் கடையில் ஒருவரை அருகில் அழைத்து ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். அப்படியே, காணி உறுதியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.