குறைந்த வேகத்தில் விசைப்படகின் போக்கு

விசைப்படகைக் கடலில் செலுத்துவது அரிதன்று. அதனைத் துறையில் அணைப்பதே அரிது. திறந்த கடலில் சுக்கானின் சிறு அசைவுக்கும் இணங்கும் படகு, துறைமேடையை நெருங்கி வேகம் தணிந்ததும் சொற்படி கேளாததாகிவிடுகின்றது. படகோட்டியின் கைத்திறன் குறைவே இதற்குக் காரணம் என்று பலர் கருதுவர். உண்மையில் இது நீரின் இயல்பையும் படகின் அமைப்பையும் பற்றியது.

படகினுள்ளே எஞ்சின் அமைந்து, அங்கிருந்து சாய்வாக நீருக்குள் இறங்கும் தண்டின் முனையில் ஒரே விசிறியும், அதற்குப் பின்னே சுக்கானும் உள்ள படகையே இங்கு எடுத்துக்கொள்வோம். 1953-இல் கொல்லத்தை அடுத்த கடற்கரை ஊர்களில் இந்திய-நார்வேத் திட்டம் தொடங்கிய பின்னர்க் கேரளக் கரையில் பரவிய இயந்திர மீன்பிடிப் படகுகள் இவ்வமைப்பினவே.

சுக்கான் தானாக எதையும் திருப்புவதில்லை. அதன்மீது நீர் பாய்ந்தால்தான் பக்கவிசை உண்டாகும். அவ்விசை நீரின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். முன்னோட்டத்தில் விசிறி தள்ளும் நீர் நேரே சுக்கான்மீது பாய்கின்றது. ஆகவே படகு ஏறத்தாழ நின்றுகொண்டிருப்பினும், சுக்கானை முற்றிலும் திருப்பிவைத்து, ஓரிரு நொடி மட்டும் எஞ்சினுக்கு விசை கொடுத்தால், படகு முன்னேறுவதற்குமுன் திரும்பிவிடும். தேர்ந்த ஓட்டிகள் துறையில் இடைவிடாது கியரை மாற்றிக்கொண்டிருப்பது இதனாலேதான், அது பதற்றமன்று. பின்னோட்டத்திலோ விசிறியின் நீர் சுக்கானை விட்டகன்று முன்நோக்கிச் செல்வதால், படகு போதிய வேகம் பெறும்வரை சுக்கான் பயனற்றதே.

பின்னோட்டத்தில் மற்றொரு விந்தையும் உண்டு. சுக்கான் நேராக இருப்பினும் படகின் பின்னணியம் ஒரு பக்கமாக நகரும். பின்னாலிருந்து நோக்குங்கால் முன்னோட்டத்தில் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்வது வலச்சுற்று விசிறி. பின்னோட்டத்தில் அது எதிராகச் சுழலும். அப்பொழுது வலப்புற அலகுகள் மேல்நோக்கி எழுந்து, நீரைப் படகின் பின்பகுதியின் வலப்பக்கத்தில் மோதச் செய்கின்றன. அம்மோதலால் பின்னணியம் இடப்பக்கம் தள்ளப்படுகின்றது. தன் படகு எவ்வகை என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. படகை மேடையில் உறுதியாகக் கட்டிவிட்டு, மிக மெதுவான பின்னோட்டம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் நீர் கொந்தளித்து எழுகின்றது என்று பார்க்கவேண்டும். பின்னணியம் அதற்கு எதிர்ப்பக்கம் நகரும்.

இதனை அறிந்தவன் அதனோடு போராடான், பயன்படுத்திக்கொள்வான். வலச்சுற்று விசிறியுள்ள படகின் இடப்பக்கம் மேடையைச் சாருமாறு வருபவன், மேடைக்குச் சற்றுச் சாய்வாக அணுகி, இறுதியில் பின்னோட்டம் கொடுத்தால் போதும். படகு நிற்பதோடு பின்னணியமும் மேடையை ஒட்டிவிடும். வலப்பக்கத்தைச் சார்த்துபவனுக்கு அதே பின்னோட்டம் பின்னணியத்தை வெளியே இழுத்துவிடும். ஆதலின் அவன் மேடைக்கு இணையாக, இன்னும் மெதுவாக வரவேண்டும்.

எவ்வளவு மெதுவாக? ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 டன் எடையுள்ள படகு 2 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம், வருகின்றது. ஓர் ஆள் தன் வலிமையெல்லாம் திரட்டி 40 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் இடைவிடாது தள்ளினாலும், அதை நிறுத்த ஏறக்குறைய 25 நொடி ஆகும். அதற்குள் படகு 12 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். வேகம் 4 நாட் ஆனால் தூரம் நான்கு மடங்காகிவிடும். மேடைக்கும் படகுக்கும் இடையே இருப்பதோ ஒரு முழம். எனினும் காலை நீட்டிப் படகைத் தடுக்க முனைவோரை எல்லாத் துறைகளிலும் காணலாம். அவ்வாறு முனைந்த இளைஞன் ஒருவனின் பாதம் நசுங்கியதை இக்கட்டுரையாளர் நேரில் கண்டதுண்டு. படகு அப்பொழுது நடைவேகத்தில்கூட வரவில்லை. தொங்கவிட்ட பழைய டயர் செய்யவேண்டிய வேலையை மனிதனின் கால் செய்யலாகாது.

நீரோட்டத்தைப் பகையாகக் கருதுவதும் தவறு. கொச்சிக் காயலில் ஏற்றமும் வற்றமும் மாறிமாறி வருவதால், காலையில் ஏற்ற திசை மாலையில் ஏலாததாகலாம். எப்பொழுதும் ஓட்டத்தை எதிர்த்தே அணுகவேண்டும். 2 நாட் ஓட்டத்தை எதிர்த்து 2 நாட் வேகத்தில் செல்லும் படகு மேடையைப் பொறுத்தவரை அசையாது நிற்கும். ஆனால் அதன் சுக்கான்மீது நீர் பாய்ந்துகொண்டே இருப்பதால் அது கட்டுக்குள் இருக்கும். ஓட்டத்தோடு வருபவனுக்கு இவ்வசதி இல்லை. காற்றின் செய்தி வேறு. வேகம் குறைந்ததும் உயர்ந்து இலேசான அணியத்தைக் காற்று ஒதுக்கிவிடும். பின்னோட்டத்தில் பின்னணியம் காற்றை நோக்கித் திரும்ப முயலும்.

ஆசிரியர்கள் வகுப்பில் காட்டத்தக்கது ஒன்றுண்டு. நீர்த்தொட்டியில் நீண்ட மரப்பலகை ஒன்றை மிதக்கவிட்டு, ஒரு முனையைப் பக்கவாட்டில் விரலால் தட்டினால், மறுமுனை எதிர்ப்பக்கம் நகரும். இடையில் ஓரிடம் மட்டும் பக்கவாட்டில் ஏறத்தாழ அசையாதிருக்கும். முன்செல்லும் படகில் இத்திருப்புமையம் அணியத்திலிருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தூரத்தில் அமைகின்றது. வண்டியில் முன்சக்கரம் திரும்பிய வழியே பின்சக்கரமும் தொடரும். படகில் அணியம் சிறிது உள்ளே திரும்பும். பின்னணியம் பெரிதும் வெளியே வீசும். மேடையை ஒட்டி நிற்கும் படகை வண்டிபோல் திருப்பி வெளியேற முயன்றால், பின்னணியம் மேடையில் மோதுவது இதனாலேயே.

வெளியேற நல்ல வழி வடத்தைப் பயன்படுத்துவது. அணியத்திலிருந்து ஒரு வடத்தைப் பின்நோக்கி மேடைத்தூணில் சுற்றி, அதன் முனையைப் படகிலேயே பிடித்துக்கொள்ளவேண்டும். சுக்கானை மேடைப்பக்கம் திருப்பி, மெதுவான முன்னோட்டம் கொடுத்தால், வடம் படகை முன்செல்லவிடாது. பின்னணியம் மட்டும் வெளியே வரும். அணியத்திற்கும் மேடைக்கும் இடையே ஒரு டயர் இருக்கவேண்டும். பின்னணியம் போதிய அளவு விலகியதும் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, வடத்தை முழுதும் உள்ளே இழுத்த பின்னரே பின்னோட்டம் கொடுக்கலாம். நீரில் தொங்கும் வடத்தை விசிறி சுற்றிக்கொண்டால் எஞ்சின் நின்றுவிடும். படகு மேடைக்கும் அடுத்த படகுக்கும் இடையே ஆளற்ற கட்டைபோல் மிதக்கும்.