பன்மாறிப் பரவல்களில் பொருத்துதலின் செம்மைச் சோதனை

ஒவ்வொரு மாறியையும் தனித்தனியே சோதித்து, அனைத்தும் இயல்நிலைப் பரவலுக்கு உட்பட்டன என்று கண்டவுடன், தரவு முழுவதும் பன்மாறி இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகிறது என ஆய்வேடுகளில் முடிவு செய்யும் வழக்கம் உள்ளது. இம்முடிவு பிழையானது. சராசரி 0, மாறுபாடு 1 கொண்ட இயல்நிலை மாறி ஒன்றைக் கருதுக. நாணயம் சுண்டித் தலை விழுந்தால் அதனையே, பூ விழுந்தால் அதன் குறியை மாற்றி, இரண்டாம் மாறியாகக் கொள்க. இரண்டாவதும் இயல்நிலை மாறியே. இரண்டிற்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழுவும் 0. ஆயினும் அவற்றின் கூடுதல் 1/2 நிகழ்தகவுடன் சரியாக 0 ஆகிறது. கூட்டுப் பரவல் இயல்நிலையாயின் இவ்வாறு நிகழ இயலாது. மாறிகளைத் தனித்துச் சோதிக்கும் எம்முறையும் இக்குறையைக் காட்டாது.

ஒருமாறிச் சோதனைகளை அப்படியே விரிப்பதும் எளிதன்று. கார்ல் பியர்சன் 1900இல் அளித்த கை-வர்க்கச் சோதனைக்குத் தரவை அறைகளாகப் பிரிக்க வேண்டும். 10 மாறிகளை ஐந்தைந்து பிரிவுகளாக்கினால் 97,65,625 அறைகள் தோன்றும். சில நூறு உறுப்புகள் கொண்ட கூறில் பெரும்பாலான அறைகள் வெறுமையாகவே கிடக்கும். கொல்மோகொரோவ் - ஸ்மிர்னோவ் சோதனையின் இடர் வேறுவகையானது. ஒற்றை மாறியில் மதிப்புகளை இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் விடை ஒன்றே. தளத்தில் அத்தகைய இயற்கையான வரிசை இல்லை. இதனால் பீக்காக் 1983இல் நான்கு கால்பகுதிகளையும் கணக்கிட்டு, அவற்றுள் மிகப்பெரிய வேறுபாட்டை எடுத்துக்கொண்டார்.

பன்மாறி இயல்நிலைக்கு மட்டும் வசதியான வழியுண்டு. மகலனோபிசு 1936இல் வரையறுத்த தொலைவு, பல மாறிகளை ஒரே எண்ணாகச் சுருக்குகிறது. இதன் அடிப்படையில் மார்டியா 1970இல் பன்மாறிக் கோட்ட அளவையையும் தட்டை அளவையையும் அமைத்தார். தொலைவு வர்க்கங்களை மீண்டும் வர்க்கப்படுத்திக் காணும் சராசரியே தட்டை அளவை. 5 மாறிகளுக்கு அதன் எதிர்பார்ப்பு 5×7=35. கூறின் அளவு 100 எனில், பெருங்கூறுத் தோராயப்படி திட்டப் பிழை 2.8இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 1.67. கணக்கீட்டில் 39.5 கிடைத்தால் விலகல் 2.69 திட்டப் பிழைகள். 5% மிகைகாண் நிலையில் இன்மை எடுகோள் மறுக்கப்படும். சிறு கூறுகளில் இத்தோராயம் நம்பத்தக்கதன்று. அங்குப் பாவனையாக்கத்தால் மாறுநிலை மதிப்பைக் காண்பதே தகும்.

கோட்டமும் தட்டையும் இயல்நிலைக்குரிய மதிப்புகளையே கொண்டு, பிறவகையில் வேறுபடும் பரவலை மார்டியா முறை தவறவிடும். சிறப்பியல்புச் சார்பை ஒப்பிடும் ஹென்சு - சிர்க்லர் சோதனைக்கு (1990) இக்குறை இல்லை. ஆனால் விலகல் எவ்வகையது என்பதை அது கூறாது. மறுப்பு நேர்ந்த இடத்தில், வரிசைப்படுத்திய தொலைவு வர்க்கங்களைக் கை-வர்க்கப் பரவலின் கால்மானங்களுக்கு எதிராக வரைந்து பார்த்தல் பயன் தரும். கடைசி இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் நேர்கோட்டை விட்டு விலகினால், முதலில் ஐயுற வேண்டியது தரவுப் பதிவையே, பரவலை அன்று.